அரைத் தட்டுக்கு முன்னால் ஓர் 'இந்தா'

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு புரட்டாசி மாதத்தில் நடந்தது இது. இடம், திருச்சி கே.கே. நகரில் எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்தில் இருக்கும் பூங்கா. பூங்கா என்று பெயர்தான். நாலு வேப்பமரம், ஒரு உடைந்த சறுக்குமரம், நடுவில் பூப்பந்து விளையாடுவதற்காகப் போட்டு வைத்த சிமெண்ட் தரை, அவ்வளவுதான் அங்கே உண்டு. அந்தத் தரையில்தான் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு நாங்கள் கோலாட்டம் ஆடுவோம். இன்றைக்கும் ஆடுகிறோம்.

நான் ஒரு அலுவலகத்தில் பிரிவுத் தலைவியாக இருக்கிறேன். அப்போது எனக்கு ஐம்பது வயது. கோபம் மூக்கு நுனியில் நிற்கும், வாயும் கொஞ்சம் நீளம். இதை என் வீட்டுக்காரர் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். கோல்கள் இருக்கும் ஒயர் கூடை என் வீட்டில் இருந்ததாலும், வாட்ஸ்அப் குழுவை ஆரம்பித்தது நான் என்பதாலும், அந்தக் கோலாட்டத்துக்கு நான்தான் தலைவி என்று எனக்கு ஒரு நினைப்பு. யாரும் என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை.

வருகிறவர்களில் எல்லா வகையும் உண்டு. மளிகைக் கடை வைத்திருக்கும் அம்மா, காலேஜில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவர், கணவர் துபாயில் வேலை பார்க்க இங்கே மாமியாரோடு இருக்கும் பெண் என்று பதினைந்து, பதினாறு பேர் சேர்வோம். ஒத்திகை என்று எதுவும் கிடையாது. நடந்து போகிறவர் கூட உள்ளே வந்து கூடையிலிருந்து இரண்டு கோலை எடுத்துக்கொண்டு நிற்கலாம். உள்வட்டம், வெளிவட்டம் என்று எதிரெதிராக நிற்போம். இரண்டு கோலையும் கீழே ஒரு தட்டு, மேலே ஒரு தட்டு, எதிரில் நிற்பவரோடு இரண்டு தட்டு, அப்புறம் திரும்பிப் பக்கத்தில் நிற்பவரோடு ஒரு தட்டு. ஒரு பாட்டு முடிந்ததும் வெளிவட்டத்துக்காரர்கள் ஆளுக்கு ஒரு இடம் தள்ளிப் போக வேண்டும். உள்வட்டம் அப்படியே நிற்கும். ஆக, நமக்குப் பிடித்தவரோடு மட்டும் ஜோடி போட்டுக்கொள்ள முடியாது. புதிதாக வந்தவருக்கும் எப்படியும் ஒரு பழைய ஆள் எதிரில் வந்துவிடுவார்.

இந்த முறையைக் கொண்டு வந்தவர் பாலக்கரையிலிருந்து ஸ்கூட்டரில் வரும் ஒரு டீச்சர். என்னைவிட ஆறேழு வயது சின்னவர். சர்ச்சில் பாடுகிறவர். மாதா கோயில் திருநாளுக்குக் கும்மி பாடிப் பாடி வளர்ந்த குரல், மைக் வேண்டாம். வட்டத்துக்கு நடுவில் நின்று பாடிக்கொண்டே மெல்லச் சுற்றி வருவார். யாராவது தடுமாறினால் அதே வரியை இன்னொரு தடவை பாடுவார். மூச்சு வாங்கினால் தாளத்தைக் கொஞ்சம் இழுத்துப் பிடிப்பார். அப்புறம் அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. பக்கத்தில் இருப்பவரோடு தட்ட வேண்டிய இடம் வருவதற்கு அரைத் தட்டு முன்னால், பாட்டுக்கு நடுவே ‘இந்தா’ என்று ஒரு சொல்லைப் போடுவார். எந்தப் பாட்டாக இருந்தாலும் அந்த ‘இந்தா’ வந்துவிடும். நன்றாகப் பாடுகிறவருக்கு இப்படி ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டதே என்று நான் நினைத்துக்கொள்வேன்.

வருகிறவர்களில் டெய்லர் அக்கா என்று ஒருவர். ஐம்பத்தெட்டு வயது இருக்கும். எங்கள் பகுதியில் பாதிப் பேருக்கு ஜாக்கெட் தைப்பவர். கணவர் இல்லை, மகளோடும் மருமகனோடும் இருந்தார். அதிகம் பேச மாட்டார். தன்னுடைய இரண்டு கோல்களுக்கு மட்டும் மிச்சமான சிவப்புத் துணியைச் சுற்றி அடையாளம் வைத்திருப்பார். ஒரு ஞாயிறு கூட அவர் வராமல் இருந்து நான் பார்த்ததில்லை.

அந்த வருடம் நவராத்திரிக்கு ஸ்ரீரங்கத்தில் ஒரு மகளிர் விழாவில் ஆட எங்களுக்கு அழைப்பு வந்தது. உத்திர வீதியில் ஒரு மண்டபம், பத்து நிமிடம் நேரம். எனக்குத் தலைகால் புரியவில்லை. இதுவரை நாம் ஆடியதெல்லாம் சும்மா பொழுதுபோக்கு, இனிமேல்தான் அசல் ஆட்டம் என்று முடிவு கட்டிவிட்டேன்.

முதல் வேலையாக, ஆபீஸில் கூட வேலை பார்ப்பவரின் பையனிடம் சொல்லி, கீபோர்டும் டிரம்முமாக ஒரு பாட்டைப் பதிவு செய்து வாங்கினேன். நல்ல வேகம். கேட்டாலே கால் ஆடும். இரண்டாவதாக, ஜோடி மாறுவதை நிறுத்தினேன். உயரம் பார்த்து ஆளுக்கு ஒரு நிரந்தர ஜோடி. மூன்றாவதாக, விழா முடியும் வரை புதிதாக யாரும் வர வேண்டாம் என்று குழுவில் செய்தி போட்டேன். டீச்சரிடம், இந்த ஒரு தடவை நீங்கள் தொண்டையை வருத்திக்கொள்ள வேண்டாம், உட்கார்ந்து பாருங்கள் என்று சொன்னேன். உபசாரமாகச் சொன்னதாகத்தான் எனக்கு நினைப்பு.

“மெஷின் யாருக்காகவும் நிக்காதுங்க மேடம். பாத்துக்குங்க” என்றார் டீச்சர். அதன்பிறகு ஒத்திகைக்கு வந்து, சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போவார்.

உயரப்படி நிறுத்தியதில், உள்வட்டத்தில் எனக்கு இடது பக்கம் டெய்லர் அக்கா வந்தார். பக்கத்துத் தட்டு எனக்கும் அவருக்கும்தான். முதல் நாள் ஒத்திகையிலேயே தகராறு ஆரம்பித்தது. எதிரில் நிற்பவரோடு தட்டுவதெல்லாம் சரியாக இருக்கும். பக்கத்துத் தட்டு வந்தால் மட்டும் அவர் கோல் வராது. நான் திரும்பிக் காற்றில் தட்டிவிட்டு அசடு வழிய வேண்டும். அல்லது நான் திரும்பிவிட்ட பிறகு தாமதமாக வரும். இரண்டு வருடமாக ஆடுகிறவருக்கு இப்போது என்ன வந்தது என்று எனக்கு எரிச்சல். ஒரு தடவை சொன்னேன், இரண்டு தடவை சொன்னேன். “சரிங்க, பாத்து ஆடறேங்க” என்பார். அடுத்த சுற்றில் அதே கதை.

மூன்றாவது ஒத்திகையில், வழக்கம் போலத் தாமதமாகிவிட்டது என்று அவசரமாக வீசினார் போலிருக்கிறது. கோல் என் கோலில் படாமல் நேராக என் விரலில் இறங்கியது. நடுவிரல் நகம். கண்ணில் பூச்சி பறந்தது.

நான் பாட்டை நிறுத்தச் சொன்னேன். எல்லோர் முன்னாலும், ஆபீஸில் தப்புத் தப்பாக ஃபைல் போட்டவரிடம் பேசுவது போலவே பேசினேன். “அக்கா, தாளம் வரலேன்னா பரவாயில்ல. உக்காந்து பாருங்க. நாளைக்கு அத்தன பேர் முன்னாடி யார் மண்டையாவது ஒடஞ்சா யாருங்க பதில் சொல்றது?”

டெய்லர் அக்காவின் முகம் சிறுத்துப் போனது. “மன்னிச்சுக்குங்க” என்றார். கூடை இருந்த இடத்துக்குப் போய், இரண்டு கோலையும் சத்தம் வராமல் உள்ளே வைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு, சுவரை ஒட்டியே நடந்து போய்விட்டார். டீச்சர் எழுந்து அவர் பின்னாலேயே போனார். என்னைத் தாண்டும்போது ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். “உங்க விரல் நாலு நாள்ல சரியாயிடும் மேடம்.”

அன்றைக்கு வீட்டுக்கு வந்து விரலை ஐஸ் தண்ணீரில் வைத்துக்கொண்டு, நான் சொன்னதில் என்ன தப்பு என்று என் வீட்டுக்காரரிடம் அரை மணி நேரம் வாதாடினேன். அவர் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. எதிர்ப்பே இல்லாதவரிடம் அரை மணி நேரம் வாதாடினால் அதற்கு என்ன அர்த்தம் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அந்த வாரமே சனிக்கிழமை, மண்டபத்தைப் பார்த்துவிட்டு வருவதற்காக ஸ்ரீரங்கம் போயிருந்தேன். திரும்பும்போது ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து மத்திய பேருந்து நிலையத்தில் இறங்கி, கே.கே. நகர் பஸ்ஸில் ஏறினேன். பகல் பன்னிரண்டு மணி, பாதி பஸ் காலி. ஜன்னல் ஓரம் டெய்லர் அக்கா உட்கார்ந்திருந்தார். பக்கத்து இடம் காலியாக இருந்தது. வேறு சீட்டுக்குப் போய்விடலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். அப்புறம், நாம் என்ன குற்றமா செய்தோம் என்று வீம்பாகப் போய் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

அவர் திரும்பவே இல்லை. நேராக முன்னால் பார்த்தபடி இருந்தார். நான் கைப்பையைச் சரி செய்தேன், தொண்டையைக் கனைத்தேன். ஊஹூம். சரி, ரோஷம் போலிருக்கிறது, இருக்கட்டும் என்று எனக்கும் உள்ளே சுர்ரென்று ஏறியது. அடி வாங்கியது நான், முகத்தைத் திருப்பிக்கொள்வது இவரா என்று நினைத்தேன்.

கண்டக்டர் வந்தார். பெண்களுக்கான இலவச டிக்கெட்டைக் கிழித்து என்னிடம் ஒன்று கொடுத்தார். அவருக்கு ஒன்றை நீட்டினார். சீட்டு அவர் கன்னத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நிற்கிறது. அவர் வாங்கவில்லை. கண்டக்டர், “யம்மா, டிக்கெட்” என்று கொஞ்சம் உரக்கச் சொன்னதும் திடுக்கிட்டு, கழுத்தை மட்டும் திருப்பாமல் உடம்பையே முழுதாகத் திருப்பி, கையை நீட்டிக் காற்றில் துழாவி அப்புறம் வாங்கினார். வாங்கியவர் மறுபடி நேராகத் திரும்பிக்கொண்டார். இவ்வளவு நடந்தும், அவர் தோளில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என்னை அவர் பார்க்கவில்லை.

அவர் மடியில் ஒரு பிளாஸ்டிக் உறையில் ஆஸ்பத்திரி ஃபைல் இருந்தது. புத்தூர் பக்கம் இருக்கும் கண் ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போய்விட்டு வருகிறார் என்று பார்த்ததும் தெரிந்தது. “அக்கா” என்று மெதுவாகக் கூப்பிட்டேன்.

முழு முகத்தையும் என் பக்கம் திருப்பினார். “நீங்களா? எப்பங்க ஏறுனீங்க? பக்கத்துல வந்து உக்காந்ததே தெரியலீங்களே” என்றார். அதில் ரோஷமும் இல்லை, ஒன்றும் இல்லை. பிறகு குனிந்து என் கையைத் தேடி, கறுத்துப் போயிருந்த என் நகத்தைப் பார்த்தார். இன்னும் வலிக்குதா என்று கேட்டார். கண்ணுக்கு என்ன என்று கேட்டேன்.

பஸ் போய்க்கொண்டே இருக்க, துண்டு துண்டாகச் சொன்னார். மூன்று வருடமாக இரண்டு கண்ணிலும் ஓரப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது. நேராக இருப்பது தெரியும், ஊசியில் நூல் கூடக் கோத்துவிடுவார். பக்கவாட்டில் இருப்பது எதுவும் தெரியாது. போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றத்தான் இந்தச் சொட்டு மருந்து என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். மகளிடம் சொல்லவில்லை. சொன்னால் தனியாக வாசலைக்கூடத் தாண்ட விட மாட்டாள் என்று பயம். ரோட்டைக் கடக்க வேண்டும் என்றால், யாராவது கடப்பது வரை நின்று அவர்களோடு ஒட்டிக்கொண்டு கடப்பாராம்.

“அப்போ எப்படிக்கா ஆடுனீங்க இத்தன நாளா?” என்று கேட்டேன்.

“டீச்சர்தான் ‘இந்தா’ன்னு சொல்வாங்கல்லங்க. அந்தச் சத்தம் வந்ததும் கை தானா பக்கத்துக்குப் போயிடும். எனக்காகத்தான் ஒவ்வொரு தடவையும் போடுவாங்க. மெஷின் பாட்டுல அது இல்லீங்களே.” மடியில் இருந்த ஃபைலைச் சரி செய்துகொண்டு, “நீங்க சொன்னது சரிதாங்க. யாருக்காவது பட்டுட்டா பாவம்தானே” என்றார்.

என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் சொன்னது சரி என்று அவர் சொன்னதுதான் தாங்கவில்லை. பஸ்ஸில் அத்தனை பேர் இருக்க, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். எங்கள் ஸ்டாப்பில் இறங்கி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்தேன். வீட்டு முனை வந்ததும், யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை வாங்க அக்கா என்றேன். “பாக்கலாங்க” என்றார். அந்தப் ‘பாக்கலாம்’ வருவதற்கான பாக்கலாம் இல்லை என்று குரலிலேயே தெரிந்தது.

அன்று சாயங்காலமே டீச்சருக்குப் போன் போட்டேன். தெரிந்தும் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். டெய்லர் அக்கா சத்தியம் வாங்கிக்கொண்டார், அதனால்தான் என்றார். பிறகு அவர் சொன்னது எனக்குப் புதிது. ‘இந்தா’ என்பது டெய்லர் அக்காவுக்காக அவராகக் கண்டுபிடித்தது இல்லையாம். கும்மி பாடுகிறவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு சொல்லைப் போடுவார்களாம். திருநாளில் கூட்டத்தோடு கூட்டமாக யாரோ உள்ளே வந்து நிற்பார்கள், அவர்களுக்கு அடுத்தது என்ன என்று தெரியாது, அதை அரைத் தட்டு முன்னால் சொல்லிவிட்டால் தப்பாமல் ஆடிவிடுவார்கள். நல்ல பாட்டுக்குள் வந்து ஒட்டிக்கொண்ட பழக்கம் என்று நான் நினைத்தது, அந்த ஆட்டத்துக்கே உயிராக இருந்திருக்கிறது. மறுநாள் நீங்கள்தான் பாட வேண்டும் என்று கெஞ்சினேன். கெஞ்சியது நான்தானா என்று டீச்சருக்கே சந்தேகம் வந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரிடமும் என்ன காரணம் சொல்வது? உண்மையைச் சொல்ல முடியாது. ஆகவே, அந்தப் பாட்டின் வேகத்துக்கு என்னால் ஈடு கொடுக்க முடியவில்லை, மூச்சு வாங்குகிறது, பழையபடி டீச்சரே பாடட்டும், ஜோடியும் மாறட்டும் என்றேன். விழாவுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. கணக்கு மேடத்துக்கு நல்ல கோபம். மளிகைக் கடை அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “வயசாயிடுச்சுன்னு நேராவே சொல்லுங்களேன்” என்றார். ஆமாம், வயசாகிவிட்டது என்று ஒப்புக்கொண்டேன். ஜன்மத்தில் அப்படி ஒப்புக்கொண்டதில்லை.

டெய்லர் அக்கா வரவில்லை. பதினைந்து பேர் இருந்தோம். அந்த இடத்துக்குத் தன் தங்கையை அழைத்து வரட்டுமா என்று துபாய்க்காரர் மனைவி கேட்டார். வேண்டாம், அந்த இடம் அப்படியே இருக்கட்டும் என்றேன்.

டீச்சர் பாட ஆரம்பித்தார். கோலாட்டத்தில் ஒரு ஆள் இல்லாவிட்டால் அது யாரோ ஒருவர் பாடு என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. வெளிவட்டம் நகர நகர, அந்தக் காலி இடம் ஒவ்வொருவர் எதிரிலும் வந்து நின்றது. அந்தப் பாட்டு முடியும் வரை அவர் காற்றோடுதான் தட்ட வேண்டும். மளிகைக் கடை அம்மா தட்டினார், கணக்கு மேடம் தட்டினார், வெளிவட்டத்தின் எட்டுப் பேரும் தட்டினார்கள். எனக்கோ எல்லாப் பாட்டிலும் அதே கதி, பக்கத்துத் தட்டுக்கு ஆள் இல்லை. ‘இந்தா’ என்று குரல் வரும், நான் இடது பக்கம் திரும்பிக் கோலை நீட்டுவேன், அங்கே வேப்பமரம்தான் தெரியும். கடைசியில் கணக்கு மேடமே என்னிடம் வந்து, போய்க் கூப்பிட்டுப் பாருங்களேன் என்று மெதுவாகச் சொன்னார்.

புதன்கிழமை போனேன். கையில் ஒரு ஜாக்கெட் துணி. மகள் வீட்டில் இருந்ததால் தைக்கக் கொடுக்க வந்தவள் மாதிரி நின்றேன். மகள் உள்ளே போனதும், நான் அன்றைக்குப் பேசியது தப்பு, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். இதைச் சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஒத்திகை பார்த்தேன் என்பது எனக்குத்தான் தெரியும். அவர் என் தோளில் டேப்பை வைத்து அளவு எடுத்துக்கொண்டே கேட்டார்.

“உங்க மேல வருத்தம் இல்லீங்க. எனக்கே பயமாயிருக்கு. அன்னிக்கு விரல்ல பட்டுச்சு, நாளைக்குக் கண்ணுல பட்டா? அதுவும் ஸ்ரீரங்கத்துக்கு மகளும் பாக்க வரேங்குது. தப்பா ஆடுனா அதுக்குத் தெரிஞ்சு போயிடும். அப்புறம் ஞாயித்துக்கிழமையும் போச்சு. எனக்கு இருக்கறது அது ஒண்ணுதாங்க.”

டீச்சர் பாடுவார், உங்கள் பக்கத்தில் நான்தான் நிற்பேன் என்றேன். ரசீது மாதிரி ஒரு துண்டுக் காகிதத்தில் என் அளவுகளை எழுதிக்கொண்டார். உங்கள் இடத்தை யாருக்கும் கொடுக்கவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

விழா நாள், மதியம் மூன்று மணிக்கு வேன் கிளம்பியது. அவர் வரவில்லை. தெரு முனையில் பத்து நிமிடம் வேனை நிறுத்தி வைத்தேன். டிரைவர் ஹார்ன் அடித்துப் பார்த்தார். அப்புறம் கிளம்பினோம். காவிரிப் பாலத்தில் போகும்போது எல்லோரும் பாடிக்கொண்டு வந்தார்கள், நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. ஒருவரை வரவேண்டாம் என்று சொல்ல எனக்கு அரை நிமிடம்தான் ஆனது. வாருங்கள் என்று சொல்லி என்னால் திரும்பக் கொண்டுவர முடியவில்லை.

மண்டபத்தில் விழாவை நடத்தும் மாமி ஒருவர் எங்களை வரிசையில் நிறுத்திப் பார்த்தார். மடிசார் கட்டிக்கொண்டு, ஒரு கையில் செல்போனும் இன்னொரு கையில் நிகழ்ச்சி நிரலுமாக ஓடிக்கொண்டிருந்தார். பாட்டுக்குப் பென் டிரைவ் எங்கே என்று கேட்டார். நேரிலேயே பாடுவார்கள் என்றதும், பேஷாகப் பாடட்டும் என்றார். அப்புறம் எண்ணிப் பார்த்தார். “ஒத்தப்படையா நிக்கறேளே. ஒருத்தரை உக்காத்தி வெச்சுட்டா பாக்க லட்சணமா இருக்குமோன்னோ” என்றார்.

ஒரு மாதம் முன்பு என்றால் அதை நானே சொல்லியிருப்பேன். “இல்லீங்க மாமி, எங்க ஆள் ஒருத்தர் வரணும். வரலேன்னாலும் அந்த இடம் அப்படியே இருக்கட்டும்” என்றேன். மாமி என் முகத்தைப் பார்த்தார். என்ன தோன்றியதோ, உங்கள் சௌகரியம் என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

எங்களுக்கு முன்னால் இருந்த பாட்டு நிகழ்ச்சி முடிகிற நேரம், வாசல் பக்கம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு இரண்டு பேர் வந்தார்கள். மகள் முன்னால், அவள் தோளைப் பிடித்தபடி டெய்லர் அக்கா. விழாவுக்கென்று எல்லோரும் முன்பே சேர்ந்து வாங்கியிருந்த அதே பச்சைப் புடவை கட்டியிருந்தார். மகளின் கண் சிவந்திருந்தது. அம்மா நேற்று ராத்திரிதான் சொன்னார்கள் என்று மட்டும் என்னிடம் சொன்னாள்.

டெய்லர் அக்கா நேராகக் கூடையிடம் போய், சிவப்புத் துணி சுற்றிய இரண்டு கோலை எடுத்தார். எங்கள் எல்லோர் பக்கமும் முழுதாகத் திரும்பி நின்றார்.

“எனக்குப் பக்கவாட்டுல கண்ணு தெரியாதுங்க. நேரா தெரியும். டீச்சர் பாட்டு இருந்தா ஆடுவேன். வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்க.”

இத்தனை பேச்சை அவர் வாயிலிருந்து நாங்கள் மொத்தமாகக் கேட்டதே இல்லை. மளிகைக் கடை அம்மாதான் முதலில் வாயைத் திறந்தார். “இத மொதல்லயே சொல்றதுக்கு என்னக்கா உங்களுக்கு” என்று அதட்டிவிட்டு, அவர் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிவிட்டார். கணக்கு மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு ஏன் மூச்சு வாங்கியது என்பது அவருக்கு அப்போது புரிந்திருக்கும்.

உள்ளே போய் நின்றோம். டீச்சர் நடுவில் போய் நின்று ஆரம்பித்தார். கீழே ஒன்று, மேலே ஒன்று, எதிரில் இரண்டு. டெய்லர் அக்கா சரியாகத் தட்டுவாரா, மகள் முன்னால் தப்பிவிட்டால் என்ன ஆகும் என்று அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ‘இந்தா’ என்று குரல் வந்தது. அவர் கோல், அளந்து வைத்த மாதிரி, எனக்கு நேராக வந்து நின்றது. என் கோல்தான் அங்கே இல்லை. அவரைக் கவனிக்கும் மும்முரத்தில் நான் தட்ட மறந்து போயிருந்தேன்.

காற்றில் தட்டிய கோலை அவர் இறக்கவில்லை. என் பக்கம் பார்க்கவும் இல்லை. பார்த்தும் பிரயோஜனம் இல்லை என்று அவருக்குத் தெரியும். எதிரே பார்த்தபடியே, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: “என்னப் பாக்காதீங்க. பாட்டக் கேளுங்க.”

டீச்சர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அதே வரியை இன்னொரு தடவை பாடினார். இந்தத் தடவை அந்த ‘இந்தா’ எனக்கானது. நான் பாட்டைக் கேட்டேன். திரும்பி நீட்டினேன். டக் என்று இரண்டு கோலும் சேர்ந்த சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

இரண்டாவது பாட்டுக்கு முன்னால் டீச்சர் தன் வழக்கப்படி, ஆடத் தெரிந்தவர்கள் தெரியாதவர்கள் யார் வேண்டுமானாலும் வரலாம் என்று சொல்லிவிட்டார். பட்டுப்புடவையோடு ஏழெட்டு ஸ்ரீரங்கத்து மாமிகள் வந்து நின்றார்கள், நிகழ்ச்சி நிரலோடு அந்த மாமியும் ஒருவர். உயரமும் குள்ளமுமாக வட்டம் கோணிக்கொண்டு போனது. நான் பயந்த எதுவும் நடக்கவில்லை. பத்து நிமிடம் இருபது நிமிடமாயிற்று, யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் டெய்லர் அக்காவை மகளே கொண்டுவந்து விடுகிறாள். விட்டுவிட்டு முதலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், இப்போது அவளும் ஆடுகிறாள். ஓரப் பார்வை இன்னும் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று டெய்லர் அக்கா சொன்னார். இதை எழுதட்டுமா என்று கேட்டேன், பெயர் மட்டும் வேண்டாம், அந்த ஜாக்கெட் சரியாக இருந்ததா இல்லையா என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லையே என்றார்.

என் நகம் முழுசாக வளர்ந்து பழைய நிறத்துக்கு வர ஐந்து மாதம் ஆனது. ஆபீஸில் யாராவது ஒருவர் தடுமாறி நின்றால், என் வாய் வழக்கம் போலத் துருதுருக்கத்தான் செய்கிறது. அந்த நேரம் என்னையறியாமல் நடுவிரல் நகத்தைத் தடவிப் பார்த்துக்கொள்கிறேன். இவருக்குத் தாளம் வரவில்லையா, இல்லை நாம்தான் அரைத் தட்டு முன்னால் ஒரு ‘இந்தா’ சொல்லாமல் விட்டோமா என்று முதலில் என்னைக் கேட்டுக்கொண்ட பிறகுதான் வாயைத் திறக்கிறேன்.